வெட்டுப்பட்ட மொச்சை

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தின்கிற பொருளைத் தின்னத் தெரியவில்லை, விதைக்கிற பொருளை விதைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி எதிலாவது போட்டு மூடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் தெரிகிறது என்று செல்லப்பாண்டி மல்லாங்கிணற்றில் பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். விருதுநகரில் இறங்கிச் சிவகாசி பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதையே சொன்னார். திருத்தங்கல் தாண்டுகையில் முன் சீட்டுக்காரன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

“என்னலே பாக்க? உன்னையவா சொன்னேன்?” என்றார்.

“விடுங்கண்ணே. அவன் என்ன உங்க மொச்சையையா தின்னான்” என்றாள் பக்கத்தில் இருந்த இருளம்மாள்.

“தின்னிருந்தாலும் பரவால்லையே. வயித்துக்குப் போச்சுன்னு இருப்பேன்.”

விஷயம் இதுதான். மாசியில் பறித்த நாட்டு மொச்சையில் விதைக்கென்று ஆறு படி ஒதுக்கி, செம்மண்ணைக் கரைத்துப் பூசிக் காயவைத்து, மண்பானையில் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகி மூடி வைத்திருந்தார் செல்லப்பாண்டி. மூடிய பானையை விதைப்பு நாள் வரைக்கும் திறக்கக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். நாலு படி அவர் காட்டுக்கு. ரெண்டு படி, பக்கத்துக் காட்டுக்காரி இருளம்மாளுக்கு. புரட்டாசி பிறந்து ஒரு மழையும் விழுந்துவிட்டது. பானையைத் தூக்கினால் இலேசாக இருக்கிறது. மருமகள் மாரிச்செல்வி, அவள் வேன் ஏறிப் போகிற சிவகாசிக் கம்பெனியில் யாரோ கேட்டார்கள் என்று ரெண்டு படியை அள்ளிக் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

“கோவிச்சுக்கிடாதீக மாமா. கம்பெனியில தீபாவளிக்கு ஏஜெண்டுமாருக்கு மரத்தட்டு குடுக்கப் போறாகளாம். அதுல நம்ம பக்கத்து விதை, பூவெல்லாம் வச்சுச் செய்யணும்னு மேனேஜர் கேட்டாரு. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு போனாக.”

“விதைப்பானையில கை வச்சியா நீ?”

“வச்சேன். ஆனா ஒண்ணு மாமா, வாயைத் திறந்ததும் மாவு மாவா உதிர்ந்துச்சு. நீங்களும் ஒரு தடவை பாத்திருங்க.”

“மண்ணுல புரட்டுன விதையில மண்ணு உதிராம சீனியா உதிரும்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான். விதை அந்தக் கம்பெனியில் இல்லை, தட்டுக் கடைகிற அசன் முகம்மது பட்டறைக்குப் போய்விட்டது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார்.

இருளம்மாள் அவரோடு வந்ததற்குக் காரணம் வேறு. போன வருஷமும் அவர் கொடுத்த மொச்சையைத்தான் அவள் போட்டாள். பல்லுப் போன வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. அவர் காட்டிலும் அப்படித்தான். தன் காட்டில் மயில் பொறுக்கிவிட்டது என்றார் செல்லப்பாண்டி. அவள் காட்டுக்கு மட்டும் வேறு காரணம் சொன்னார். இருளம்மாள் கையில் ராசி இல்லை, அந்தக் கை போட்ட விதை எப்படி எழும்பும் என்று டீக்கடையில் வைத்துச் சொன்னார். அவர் சொன்னால் ஊர் கேட்கும். அதுவரைக்கும் ஏர் பிடித்த எல்லாரும் பின்னால் விதை போட இருளம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். முதல் சாலில் அவள் கைதான் படவேண்டும் என்று வீடு தேடி வருவார்கள். அதற்கப்புறம் ஒருத்தரும் வரவில்லை. ஒரு விதைப்பு முழுக்க அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த வருஷம் அதே விதையைப் போட்டு, முளைக்க வைத்துக் காட்டினால்தான் அந்தப் பேச்சு போகும் என்று இருந்தாள். அதற்கு அந்த ரெண்டு படி வேண்டும்.

பட்டறை ஒரு அச்சாபீஸுக்குப் பின்பக்கம் இருந்தது. தகரக் கொட்டகை. முன்பெல்லாம் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற கட்டைகளைக் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த இடம். இப்போது சுவரோரம் புளிய மரத்துப் பலகைகளும் வேப்பம் பலகைகளும் வெட்டு வாக்கில் சாய்ந்து நின்றன. வாசலில் கால் வைத்ததுமே வார்னிஷையும் பெட்ரோலையும் சேர்த்து முகர்ந்த மாதிரி ஒரு நெடி மூக்கைப் பிடித்தது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சுழல்கிற கட்டையில் உளியை வைத்து நின்றிருந்த ஆளுக்குத் தாடி முழுக்க மரத்தூள்.

“யாருப்பா அசன் முகம்மது?”

“நான்தான். இருங்க பெரியவரே, உளியை எடுத்துக்கிடுதேன்.” அவர் மோட்டாரை நிறுத்தினார். கட்டை கொஞ்ச நேரம் தானே சுற்றி நின்றது. “சொல்லுங்க.”

“ரெண்டு படி மொச்சை. மாரிச்செல்வின்னு ஒரு பிள்ளை கம்பெனியில குடுத்தது. அது என் விதை. எனக்கு வேணும்.”

அசன் முகம்மது அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

“செம்மண் பூசுன மொச்சையா? அது உங்களுதா? வாங்க, உள்ள வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.”

“என்னைய எதுக்குத் தேடணும்?”

“வாங்க, சொல்லுதேன்.”

கொட்டகையின் மூலையில் ஒரு மேசை. அதன் மேல் தகரத்தை வளைத்துக் கட்டிய வட்ட அச்சுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பலகை, ஓரம் கோணல்மாணலாக, மரம் வளர்ந்த வாக்கிலேயே. பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் ஆவாரம்பூ, புளியங்கொட்டை, குன்றிமணி, வேலமுள். அதன் மேல் தேன் மாதிரி தெளிவாக ஏதோ ஊற்றியிருந்தது.

“இதுதான் ரெசின். ஊத்தும்போது தண்ணி. இன்னொரு மருந்தைக் கலந்தா இறுகிக் கல்லாயிரும். அதுக்கப்புறம் மரத்தோட சேத்து மிசின்ல மாட்டித் தட்டாக் கடைஞ்சு எடுக்கணும்” என்றார் அசன் முகம்மது.

“எனக்கு ஏன் பாடம் நடத்துற? மொச்சை எங்க?”

“மீதி மூட்டையில இருக்கு. போட்டது போக ஒண்ணரைப் படி கிடக்கும். அதை எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேண்டாம். அதுக்கு முந்தி இதைப் பாத்துட்டுப் போங்க.”

பழைய காலண்டர் தாளில் சுற்றி வைத்திருந்த ஒரு தட்டை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார்.

முறம் அளவுக்குத் தட்டு. நடுவில் புளிய மரத்தின் கறுப்பு வரிகள் ஓடின. சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கண்ணாடி. கண்ணாடிக்குள் மொச்சை. தட்டு உள்வாங்கி வளைய வேண்டும் என்பதற்காக உளி ஆழமாகப் போயிருந்தது. அதனால் மேல்வரிசை மொச்சையெல்லாம் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. செம்மண் தோல் ஒரு சிவப்புக் கோடாக நிற்க, உள்ளே வெள்ளைப் பருப்பு தெரிந்தது. சிலதில் தெரிந்தது. மற்றதில் பருப்பு இருந்த இடத்தில் குழி இருந்தது.

“வெட்டுப்பட்டாத்தான் அழகுன்னு கம்பெனியில சொன்னாக. நானும் வெட்டுனேன். உளி பட்ட இடமெல்லாம் பொக்குப் பொக்குன்னு உள்ள விழுந்துருச்சு. குழிக்குள்ள மரத்தூள் புகுந்து கறுத்துப் போச்சு. மறுபடி ஊத்தி, மறுபடி கடைஞ்சாலும் நிக்கல. ஆறு தட்டு இப்படிக் கிடக்கு பெரியவரே. தீபாவளிக்கு ஐம்பது தட்டு ஆர்டர். உங்க விதையால என் பொழப்பு சந்தி சிரிக்கப் போகுது.”

சண்டைக்கு வந்த இடத்தில் தன்னோடு சண்டைக்கு ஒருத்தன் காத்திருப்பான் என்று செல்லப்பாண்டி நினைக்கவில்லை. அவருக்கு முகம் சிவந்தது.

“என் விதையைச் சொல்லுதியா? நாப்பது வருசமா ஊருக்கு விதை குடுக்குறவன் நான்.”

“நான் ஊரைச் சொல்லல. தட்டைச் சொல்லுதேன்.”

மேசையில் ஒரு பிளாஸ்டிக் குவளையில் கலந்து வைத்த ரெசின் மிச்சம் இருந்தது. செல்லப்பாண்டி அதைத் தொட்டுப் பார்த்தார். வெடுக்கென்று விரலை எடுத்தார்.

“சுடுது.”

“இறுகும்போது சுடத்தான் செய்யும்.”

“அப்படிச் சொல்லு.” அவருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. “கொதிக்கக் கொதிக்க ஊத்தி என் மொச்சையை அவிச்சிருக்க. அவிஞ்ச பருப்பு சுருங்கிக் குழி விழாம என்ன செய்யும்? செய்யுறதையும் செஞ்சுட்டு என் தலையில போடுதியோ.”

“வெந்நீர்ச் சூடுதான் இருக்கும். அதுல மொச்சை வேகுமா? அரை நாள் ஊறவச்சு அடுப்புல ஏத்துனாலே வேகாது.”

“உனக்கென்ன தெரியும் மொச்சையைப் பத்தி.”

“சமைச்சுத் திங்கத் தெரியும்.” அசன் முகம்மது இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். “இதுல புளியங்கொட்டை. அதே ரெசின், அதே சூடு, அதே உளி. எப்படி வெட்டுப்பட்டிருக்கு பாருங்க, வெண்ணெய் மாதிரி. இது ஏன் அவியல?”

“புளியங்கொட்டை கல்லு. கல்லை எதுக்கு இங்க இழுக்க?”

அதற்குள் வீட்டுப் பக்கத்து வாசலில் இருந்து அசன் முகம்மதுவின் மனைவி சித்திகா ரெண்டு தம்ளரில் டீ கொண்டு வந்து மேசையில் வைத்தாள். “குடிங்க அண்ணாச்சி. நாங்க திங்கக்கிழமை நோன்பு, அதான் ரெண்டு மட்டும் போட்டேன். சத்தம் தெருவு வரைக்கும் கேக்குது. தொண்டை காஞ்சிருக்கும்.”

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார் செல்லப்பாண்டி.

இருளம்மாள் தன் டீயைக் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் டீயையும் எடுத்துக் குடித்தாள். குடித்துக்கொண்டே தட்டைச் சுற்றி வந்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட மொச்சைகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ண ஆரம்பித்தாள். சாலில் விதை போடுகிற மாதிரியே விரல் சீராக நகர்ந்தது.

“வெட்டுப்பட்டது பதினெட்டு. பதினொண்ணு பொக்கு” என்றாள்.

“நீ கணக்குப் பிள்ளையா?”

“இங்கன பாருங்கண்ணே.” அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. “இதுக்குள்ள புழு சுருண்டு படுத்திருக்கு.”

செல்லப்பாண்டி குனிந்தார். கண்ணாடிக்கு அடியில், பாதி மொச்சைக்குள், வெள்ளையாக, அரிசி நொய் அளவுக்கு ஒரு புழு கிடந்தது. தலை மட்டும் பழுப்பு.

“புழுவை அவன் போட்டிருப்பான்.”

“புழுவைப் பிடிச்சுக் கொட்டைக்குள்ள வைக்கிற வித்தை தெரிஞ்சா, நான் ஏன் இந்தத் தூசியைக் குடிச்சுக்கிட்டுத் தட்டுக் கடையப் போறேன்” என்றார் அசன் முகம்மது. “நோன்பு வாயோட சொல்லுதேன். உங்க மருமக குடுத்தபடிக்கு, கழுவக்கூட இல்லாம எடுத்துப் போட்டேன். செம்மண் நிறம் நல்லா இருந்துச்சுன்னுதான் கழுவல. கழுவியிருந்தா ஓட்டை தெரிஞ்சிருக்கும், போட்டிருக்க மாட்டேன்.”

“மண்ணைப் பூசுறதே வண்டு வராம இருக்கத்தான்யா. அதுகூடத் தெரியாம பேசுத.”

“வண்டு முந்தியே உள்ள போயிருந்தா? அதை வச்சுல்ல மூடியிருக்கீக.”

செல்லப்பாண்டிக்கு எரிச்சல் ஏறியது. ஒரு தட்டுக் கடைகிறவன், காலில் செருப்போடு கொட்டகைக்குள் நிற்கிறவன், வரப்பு மிதிக்காதவன், தனக்கு வண்டைப் பற்றிச் சொல்கிறான்.

“மூட்டையைக் கொண்டா” என்றார்.

அசன் முகம்மது ஒரு துணிப்பையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். செல்லப்பாண்டி உள்ளே கைவிட்டு ஒரு மொச்சையை எடுத்து நீட்டினார். “இந்தா. இது ஊத்தாதது, அவிக்காதது. கடிச்சுப் பாரு. பொக்கா பருப்பா, நீயே சொல்லு.”

“நோன்புங்க பெரியவரே. இப்ப எப்படிக் கடிப்பேன்?”

“பாத்தியா இருளம்மா. கடிக்கச் சொன்னா நோன்பு. பேசுறதுக்கு மட்டும் நோன்பு இல்ல.”

“அவரு கடிக்க வேண்டாம். நான் கடிக்கேன்” என்றாள் இருளம்மாள்.

அவர் கையில் இருந்ததையே வாங்கி முந்தானையில் துடைத்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தாள். கடக்கென்ற சத்தம் கேட்கவில்லை. உமி நசுங்குகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கையில் துப்பி அவருக்கு நீட்டினாள். ரெண்டு துண்டுத் தோல், நடுவில் மாவு.

செல்லப்பாண்டி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பைக்குள் கையை விட்டார். இந்தத் தடவை சட்டென்று எடுக்கவில்லை. விரல்கள் உள்ளே வெகுநேரம் துழாவின. ஒன்றை உருட்டினார், விட்டார். இன்னொன்றை அழுத்தினார், விட்டார். கனமாக இருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடக்கென்று பருப்பு உடைந்தது. கொட்டகையில் எல்லாருக்கும் கேட்டது.

“கேட்டியா” என்றார். “கேட்டியா பாய். இதுதான் என் விதை.”

“இன்னொண்ணு கடிங்க” என்றாள் இருளம்மாள்.

“எதுக்கு?”

“எடுத்ததும் கைக்கு வாறதை எடுத்துக் கடிங்க. தேடாம.”

செல்லப்பாண்டி பையின் வாயைச் சுருட்டினார். சுருட்டிக் கயிற்றால் கட்டினார். ரெண்டு முடிச்சுப் போட்டார்.

“அப்ப ஒரு கை மொச்சை குடுங்க” என்றாள் அவள். “ஈரத்துணியில கட்டி வைக்கேன். மூணு நாள்ல எத்தனை முளைக்குதுன்னு தெரிஞ்சு போகும். முளைச்சா நானே டீக்கடையில வந்து உங்க காலைத் தொடுதேன்.”

“என் விதைக்குத் துணி கட்டிப் பாக்கணுமா? ஊர்ல எவனும் இதுவரைக்கும் கட்டிப் பாத்ததில்ல.”

“அதனாலதான் இந்த நெலமை.”

அவள் குரல் உயரவே இல்லை. அசன் முகம்மதுவும் சித்திகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“போன வருசம் மயிலு பொறுக்கிருச்சுன்னீகளே அண்ணே, ஒத்த மயிலையாவது கண்ணால பாத்தீகளா? நானும் உங்க காட்டுக்குப் பக்கத்துலதான் கிடந்தேன். ஒரு இறகைக்கூடப் பாக்கல. சரி, உங்க காட்டுக்கு மயிலு. என் காட்டுக்கு என் கை. டீக்கடையில வச்சு என் கையில ராசி இல்லன்னு சொன்னீக. அதுக்கப்புறம் ஒருத்தன் என்னைய விதை போடக் கூப்பிடல. தெருவுல எதுக்க வந்தாக்கூட விதைக்கூடையைத் துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் போறாக. என் கைக்கு வந்த நோய் என்னன்னு நானும் ஒரு வருசமா ரெண்டு கையையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்பத்தான தெரியுது.” அவள் தட்டைத் தட்டிக் காட்டினாள். “ஊருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. கையில கோளாறு இல்ல, விதையிலதான்னு. வேற ஒண்ணும் வேண்டாம். இந்த ரெண்டு படியும்கூட வேண்டாம்.”

“சொல்லலாம். இருந்தாச் சொல்லலாம். இல்லாததை எப்படிச் சொல்ல?”

“பதினொண்ணு பொக்குண்ணே.”

“அது அவன் அவிச்சது.”

“நான் கடிச்சது?”

“ஒண்ணு அப்படி இருக்கும். எந்தப் பானையிலதான் ஒண்ணு ரெண்டு இருக்காது? நான் கடிச்சது எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு.”

“பெரியவரே” என்றார் அசன் முகம்மது. கோபம் இறங்கி இப்போது அவர் குரலில் களைப்புத்தான் இருந்தது. “நீங்க எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். என் தட்டை நான் சரி பண்ணிக்கிடுவேன். வேற விதை போட்டு, ராத்திரி பகலா உக்காந்து கடைஞ்சு குடுத்துருவேன். அந்தம்மா கேக்குறதைச் சொல்லிருங்க. அதுக்குக் காசா பணமா.”

“நீ உன் வேலையைப் பாரு. எங்க ஊர் பஞ்சாயத்துக்கு உன்னை யாரும் கூப்பிடல.”

“சரி.” அவர் உளியை எடுத்து மரத்தூளை ஊதினார்.

இருளம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். “பாய், இந்தக் குழி விழுந்த தட்டைக் கம்பெனியில எடுப்பாகளா?”

“எங்க எடுக்க? அடுப்புல வைக்கவும் முடியாது, புகை நாறும்.”

“அப்ப எனக்குக் குடுங்க.”

“இதை வச்சு என்ன செய்யப் போறீக?”

“டீக்கடையில வச்சுட்டு வாறேன். விதைப்பு முடியுற வரைக்கும் அங்கனயே கிடக்கட்டும். வாறவன் போறவன் எல்லாம் எண்ணிக்கிடட்டும்.”

அசன் முகம்மது செல்லப்பாண்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டைக் காலண்டர் தாளில் சுற்றினார். சித்திகா உள்ளே போய்ச் சணல் கயிறு கொண்டு வந்தாள். அவளே கட்டி, தூக்கிக்கொண்டு போக வாட்டமாகக் கைப்பிடி மாதிரி ஒரு வளையமும் போட்டு இருளம்மாளிடம் கொடுத்தாள்.

“அதை ஊருக்குள்ள கொண்டு வந்த, அப்புறம் நடக்குறது வேற” என்றார் செல்லப்பாண்டி.

“என்ன நடக்கும்? ஒரு வருசமா நடக்காததா?”

“ரெசின்ல அவிச்ச மொச்சையைக் காட்டி இவ ஊரை ஏமாத்தப் பாக்குறான்னு சொல்லுவேன்.”

“சொல்லுங்க. கையில பையோட நின்னு சொல்லுங்க. கேக்குறவன் ஒரு கை மொச்சை அள்ளிக் கடிச்சுப் பாத்துக்கிடுவான்.”

அவர் துண்டை இழுத்துத் தோளில் போட்டார். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கொட்டகையை விட்டு இறங்கி நடந்தார். பின்னால் மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது. உளி கட்டையில் பட்டுக் கிரீச்சிட்டது.

அச்சாபீஸ் வாசலில் அடுத்த வருஷக் காலண்டர்கள் கட்டுக் கட்டாக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. இன்னும் பிறக்காத வருஷத்துக்குத் தேதி அடித்து விற்கிற ஊர், இங்கே எதைத்தான் நம்புவது என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கட்டுகளைச் சுற்றிக்கொண்டு போனார். பாதித் தெரு போனதும் கை தானாகப் பையின் முடிச்சைத் தேடியது. முடிச்சு இறுகியிருந்தது. பையின் அடியில் ஒரு தையல் விட்டிருந்தது. அதற்குள் விரலை விட்டார். வெளியே எடுத்தபோது நகக்கண்ணில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

செம்மண் சிவப்பாகத்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. கொட்டகைத் தூசி, அந்தப் பாய் கடைகிற கட்டைத் தூசி, பையை அங்கே திறந்து போட்டு வைத்திருந்தால் படியாமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டு வேட்டியில் துடைத்தார். ஒரு தடவை துடைத்துப் போகாமல் இன்னொரு தடவையும் துடைத்தார்.

“அண்ணே” என்று பின்னாலிருந்து இருளம்மாள் கூப்பிட்டாள். கயிறு கட்டிய தட்டு அவள் கையில் மெதுவாக ஆடிக்கொண்டு வந்தது. “அங்கன எங்க போறீக? பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்.”

“எனக்குத் தெரியும்” என்றார் செல்லப்பாண்டி. “அவிச்ச மொச்சைதான் அது. எவன் வந்து எண்ணினாலும் அவிச்சதுதான்.”

திரும்பிப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டு இல்லாத பக்கமாகவே நடந்தார்.